எளிய கைப்பேசி

மாந்தர் தம் கைவலிமைக்குத் துணையாகக் கருவிகளைப் படைத்துக்கொண்டனர். நிலத்தை உழ ஏர் வந்தது. கதிரை அறுக்க அரிவாள் வந்தது. நூல் நூற்க இராட்டை வந்தது. இக்கருவிகள் அனைத்திற்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. வேலை உள்ளபோது அவை கைக்கு வரும். வேலை முடிந்ததும் தத்தம் இடத்திற்குச் சென்றுவிடும். அறுவடை முடிந்தபின் உழவன் அரிவாளை இறப்பில் செருகிவிட்டு உண்ணச் செல்கிறான். உண்ணும்போது அரிவாள் அவனை அழைப்பதில்லை. உறங்கும்போது அவனை எழுப்புவதில்லை. "என்னை எடுத்துப் பார்" என்று அஃது ஒருநாளும் இரப்பதில்லை. கருவி ஏவலாள், மனிதன் தலைவன். இம்முறை பல்லாயிரம் ஆண்டுகளாக மாறாமல் இருந்து வந்தது.

இக்காலத்தில் அம்முறை தளரத் தொடங்கியிருக்கிறது. கைக்குள் அடங்கும் ஒரு கருவி, தன்னை வாங்கியவனை நாள் முழுதும் அழைத்துக்கொண்டே இருக்கிறது. அதன் பெயர் திறன்பேசி. அதனை வாங்கும் வசதி இருந்தும் வாங்காமல், பேசவும் குறுஞ்செய்தி விடுக்கவும் மட்டுமே பயன்படும் எளிய கைப்பேசியை விரும்பி வைத்திருப்போர் சிலர் உளர். அவர்களைக் கண்டு உலகம் நகைக்கிறது. "காலத்தோடு ஒட்டாதவர்" என்று ஒதுக்குகிறது. அந்நகைப்புத் தகுமா? அவர்களுடைய விருப்பம் அறியாமையின் விளைவா, அறிவின் விளைவா? இதனை ஆராய்ந்து காண்டல் நன்று.

தொலைபேசியின் வரலாறு நெடியது. 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்பார் அமெரிக்க நாட்டில் அதற்குரிய காப்புரிமையைப் பெற்றார். மூன்று நாள் கழித்து, அடுத்த அறையில் இருந்த தம் உதவியாளர் வாட்சனை அக்கருவியின் வாயிலாகவே அழைத்தார். அன்று முதல் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் தொலைபேசி கம்பியால் கட்டுண்டு கிடந்தது. பேச விரும்பியவர் அஃது இருக்கும் இடத்தைத் தேடிச் சென்றனர். 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அக்கட்டு அவிழ்ந்தது. மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியறிஞர் நியூயார்க் நகரத்துத் தெருவில் நின்றபடியே கையில் ஏந்திய தொலைபேசியால் பேசினார். அவர் முதலில் அழைத்தது, அதே துறையில் தம்மோடு போட்டியிட்ட மற்றோர் ஆராய்ச்சியாளரையே! அக்கருவி ஒரு கிலோகிராமுக்கும் மிகுந்த எடை உடையது.

இந்திய நாட்டில் கைப்பேசி முதன்முதலாக ஒலித்தது 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள். மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமிடம் அன்று பேசினார். அக்காலத்தில் கைப்பேசி செல்வர் கையில் மட்டுமே விளங்கிய பொருள். அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆதலின், மணி ஒலித்தாலும் எடுக்க அஞ்சினோர் பலர். 2003ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. அழைப்பை ஏற்போர் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை என்றாயிற்று. அதன்பின் கைப்பேசி மாளிகையிலிருந்து குடிசைக்கு இறங்கி வந்தது. கொத்தனாரும், காய்கறி விற்கும் மூதாட்டியும், ஆட்டோ ஓட்டுநரும் அதனைத் தம் தொழில் துணையாகக் கொண்டனர்.

அதே 2003ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் 1100 என்னும் எண்ணுடைய கைப்பேசியை வெளியிட்டது. எளிய கைப்பேசிக்கு அதனை ஓர் இலக்கணம் என்றே கூறலாம். அதன் பொத்தான் பலகைக்குள் புழுதி புகாது. வியர்வை படிந்த கையிலும் அது வழுக்காது. அதன் தலையில் ஒரு சிறு கைவிளக்கு இருந்தது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களில் அவ்விளக்கின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. ஒருமுறை மின்னேற்றம் செய்தால் பல நாள் தாங்கும். உலகெங்கும் 25 கோடிக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. அந்நிறுவனம் தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு ஒரு தொழிற்சாலையை நிறுவியது. ஆயிரக்கணக்கானோர் அங்குப் பணியாற்றினர். அவர்களுள் இளம்பெண்கள் மிகப் பலர். உலகச் சந்தை திறன்பேசியின் பக்கம் சாய்ந்த பின்னர், 2014ஆம் ஆண்டு நவம்பரில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது.

எளிய கைப்பேசி மக்களுக்குச் செய்த நன்மை சிறிதன்று. கேரள நாட்டுக் கடற்கரையில் நிகழ்ந்த ஒரு மாற்றம் இதற்குத் தக்க சான்றாகும். முன்னாளில் மீனவர் வலை வீசி மீன் பிடித்துக்கொண்டு தம் ஊர்த் துறைக்கே திரும்புவர். அங்கு மீன் மிகுந்திருந்தால் வாங்குவார் இரார். அடுத்த துறையில் மீன் கிடைக்காமல் வணிகர் காத்திருப்பர். ஒருவர் நிலை மற்றவர்க்குத் தெரியாது. 1997ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காலை, வடகரைத் துறையில் 11 மீனவர் வாங்குவார் இன்றித் தம் மீனைக் கொட்டிவிடும் நிலையில் நின்றனர். அதே வேளையில் 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் 27 வணிகர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தனர். கடலில் பிடித்த மீனில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்குவரை இவ்வாறு வீணாயிற்று.

1997 முதல் 2001 வரையிலான ஆண்டுகளில் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு ஆகிய மாவட்டங்களின் கடற்கரைக்குக் கைப்பேசி வந்தது. அதன் அலைகள் கரையைக் கடந்து கடலுக்குள்ளும் சென்றன. மீனவர் படகில் இருந்தபடியே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டறிந்தனர். விலை நல்கும் துறையை நோக்கிப் படகைத் திருப்பினர். மீன் வீணாவது ஏறத்தாழ முற்றும் நின்றது. மீனவர் ஊதியம் நூற்றுக்கு எட்டுப் பங்கு உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலை நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே நலம் பெற்ற இச்செய்தியை ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் 2007ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் விளக்கினார். இத்துணைப் பெரிய நன்மைக்குத் தேவைப்பட்டது என்ன? ஒரு கேள்வியும் ஒரு விடையுமே. வண்ணத் திரையும் ஓடும் படமும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

கெனியா நாட்டிலும் இதனை ஒத்த ஒன்று நிகழ்ந்தது. 2007ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'எம்-பேசா' என்னும் பணம் அனுப்பும் முறை அங்குத் தொடங்கப்பெற்றது. வங்கியின் படியை மிதித்தறியாத ஏழை மக்கள், பொத்தான் கைப்பேசியைக் கொண்டே நகரத்திலிருந்து சிற்றூரிலுள்ள தாய் தந்தையர்க்குப் பணம் அனுப்பினர். பொத்தான் கைப்பேசியின் குறுஞ்செய்தியே அவர்களுக்கு வங்கியாயிற்று.

இனித் திறன்பேசியின் வரவைக் காணலாம். 2007ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டில் ஆண்ட்ராய்டு முறையில் இயங்கும் முதல் கைப்பேசி வெளிவந்தது. அதன்பின் இருபது ஆண்டு நிறைவதற்குள் உலகத்தின் தோற்றமே மாறியது. திறன்பேசியின் ஆற்றலைக் குறைத்துக் கூறுதல் நேர்மையன்று. அது நிலப்படமாகி வழி காட்டுகிறது. நிழற்படக் கருவியாகி முகங்களைக் காக்கிறது. நூலகமாகிக் கேட்ட நூலைத் தருகிறது. கண்பார்வை அற்றோர்க்கு எழுத்தைப் படித்துக் காட்டுகிறது. செவிப்புலன் அற்றோர் திரையில் ஒருவரையொருவர் கண்டு கைகளால் உரையாட இடம் அளிக்கிறது. கடல் கடந்து வாழும் மகனின் முகத்தை முதிய தாய்க்குக் காட்டுகிறது. இவை மதிக்கத்தக்க நன்மைகள் அல்ல என்று எவரே கூறுவர்?

ஆயினும், எளிய கைப்பேசிக்கும் திறன்பேசிக்கும் உள்ள வேற்றுமை ஆற்றலின் அளவில் மட்டும் அடங்குவதன்று. எல்லையே அவ்விரண்டின் மெய்யான வேற்றுமை. எளிய கைப்பேசிக்கு ஓர் எல்லை உண்டு. அழைப்பு முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது. குறுஞ்செய்தியைப் படித்து விடை விடுத்தால் மேலும் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. திறன்பேசிக்கோ எல்லை என்பதே இல்லை. ஒரு செய்தியைப் பார்க்க எடுத்தவர் மற்றொன்றைப் பார்க்கிறார், அது மூன்றாவதற்கு இழுத்துச் செல்கிறது, மூன்றாவது முப்பதாவதாகிறது. மணி பார்க்க எடுத்தவர் அரைமணி நேரம் கழித்துக் கீழே வைக்கிறார். அப்போதும் மணி என்ன என்று அவருக்குத் தெரிவதில்லை!

இஃது அவருடைய குற்றம் மட்டுமா? அன்று. திறன்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் பல விளம்பரத்தால் வாழ்பவை. காண்பவர் நெடுநேரம் காணக் காண விளம்பரத்தால் வரும் பொருள் பெருகும். ஆதலின், அவரைத் திரையின்முன் நிறுத்திவைப்பதே அச்செயலிகளைப் படைப்போரின் தொழில் ஆகிவிடுகிறது. காசு வாங்காமல் பண்டம் கொடுக்கும் கடைக்காரர் வேறு எதையோ விலையாகப் பெறுகிறார் என்பது வெளிப்படை. இங்கு விலையாகக் கொடுக்கப்படுவது மனிதரின் கவனமும் காலமும். செய்தி பெருகப் பெருகக் கவனம் வறுமையுறும் என்று ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அன்று கையடக்கத் தொலைபேசியே தோன்றவில்லை. அவர் கூறியதன் உண்மையை இன்று தெருதோறும் காணலாம்.

மனத்தைப் பிணிக்கும் முறைகளும் ஆராய்ந்து வகுக்கப்பட்டவையே. நூலின் பக்கத்திற்கு முடிவு உண்டு. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. முடிவு வந்ததும் படிப்பவர் தலை நிமிர்கிறார். 'இன்னும் படிக்கலாமா, எழலாமா?' என்று எண்ணுகிறார். அவ்வாறு எண்ணும் இடைவெளியே இல்லாதபடி, விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் முடிவின்றி நீளும் முறையை 2006ஆம் ஆண்டில் ஏசா ரஸ்கின் என்பவர் அமைத்தார். அதன் விளைவைக் கண்டு பின்னாளில் அவரே வருந்தினார். ஸ்கின்னர் என்னும் உளநூல் அறிஞர் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. எப்போது தானியம் விழும் என்று தெரியாதபடி அமைத்தபோது புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. புதிய செய்தி வந்திருக்குமோ என்று நொடிக்கொருமுறை திரையைத் தொடும் விரலுக்கும் அப்புறாவின் அலகுக்கும் வேற்றுமை மிகுதியாக இல்லை.

இந்நிலையை உணர்ந்தோர் பல நாடுகளில் எளிய கைப்பேசியின் பக்கம் திரும்புகின்றனர். 2015ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து இளைஞர் இருவர், அழைப்பதற்கும் அழைப்பை ஏற்பதற்கும் மட்டுமே உதவும் 'லைட் போன்' என்னும் சிறு கைப்பேசியை உருவாக்கப் பொதுமக்களிடம் பொருள் திரட்டினர். மக்களும் முன்வந்து வழங்கினர். 2023ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டின் கிரேசுடோன்சு என்னும் ஊரில் எட்டுத் தொடக்கப் பள்ளிகளைச் சார்ந்த பெற்றோர், உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும்வரை தம் பிள்ளைகளுக்குத் திறன்பேசி வாங்கித் தருவதில்லை என்று ஒன்றுகூடி முடிவு செய்தனர். 2024ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஈட்டன் பள்ளி, புதிதாகச் சேர்ந்த மாணவர்க்குப் பேசவும் குறுஞ்செய்தி விடுக்கவும் மட்டுமே பயன்படும் எளிய கைப்பேசிகளை வழங்கியது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பள்ளி அது. திறன்பேசி வாங்கப் பொருளின்மையால் அவர்கள் எளிய கைப்பேசியை ஏற்கவில்லை. ஆதலின், எளிய கைப்பேசியை வறுமையின் அடையாளம் என்று எண்ணுதல் பிழையாகும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து அறிஞர் சிலர் 2017ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழ 800 பேர் அதில் பங்கு கொண்டனர். சிலர் தம் திறன்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தனர். சிலர் பையில் வைத்தனர். சிலர் வேறோர் அறையில் விட்டு வந்தனர். பின்னர் அனைவர்க்கும் அறிவுத் தேர்வு வைக்கப்பட்டது. வேறோர் அறையில் விட்டு வந்தவர் மேசைமேல் வைத்திருந்தவரினும் மேலாகச் செய்தனர். பிறர் பின்னாளில் நடத்திய சில ஆய்வுகளில் இவ்வேற்றுமை அத்துணைத் தெளிவாகத் தோன்றவில்லை என்பதையும் கூறுதல் கடன். எனினும், பாடம் படிக்கும் மாணவன் அருகில் திறன்பேசி கணந்தோறும் ஒலித்து ஒளிர்ந்துகொண்டிருந்தால் பாடம் மனத்தில் பதியாது என்பதை அறிய எந்த ஆய்வும் வேண்டுவதில்லை. அதனைத் தாய்மார் நன்கு அறிவர்.

"மன உறுதி உடையவன் திறன்பேசியை வைத்துக்கொண்டே அதனை அடக்கி ஆளலாமே, கருவியைக் குறை கூறுவது ஏன்?" என்று சிலர் வினவுவர். இவ்வினா பொருளற்றதன்று. அவ்வாறு ஆள்வோரும் உளர்; அவர்கள் பாராட்டுக்கு உரியர். ஆனால், இனிப்பு உண்ணலாகாது என்று மருத்துவரால் விலக்கப்பட்ட ஒருவர், வீட்டில் தட்டு நிறைய இனிப்பை வைத்துக்கொண்டு நாளெல்லாம் மனத்தோடு போராட வேண்டுமா? இனிப்பை வீட்டிற்குள் கொண்டுவராதிருத்தல் எளிய வழியன்றோ? ஒருமுறை முடிவு செய்பவர்க்கு ஒருமுறை முயன்றால் போதும். நொடிதோறும் முடிவு செய்ய வேண்டியவர்க்கு முயற்சிக்கு முடிவே இல்லை. எளிய கைப்பேசியைத் தேர்ந்தெடுப்பவர் தம் உறுதியைச் சிக்கனமாகச் செலவிடுகிறார். அது வலிமைக்குறைவன்று, தம் இயல்பைத் தாமே அறிந்த தெளிவு.

"இது முன்னேற்றத்திற்குப் பகையன்றோ?" என்று வேறு சிலர் கேட்பர். மகிழுந்து வந்தபின்னும் மிதிவண்டி மறையவில்லை. அடுத்த தெருக் கடைக்குச் செல்பவர் மிதிவண்டியை எடுத்தால் அவரை எவரும் பழைமைவாதி என்று இகழ்வதில்லை. செல்லும் தொலைவுக்கு ஏற்ப வண்டி. செய்யும் வேலைக்கு ஏற்பக் கருவி. மேலும், எளிய கைப்பேசி என்பது பழைய கைப்பேசி என்று பொருள்படாது. நான்காம் தலைமுறை அலைக்கற்றையில் இயங்கும் பொத்தான் கைப்பேசிகள் இந்திய நாட்டில் 2017ஆம் ஆண்டிலிருந்து விற்கப்பட்டு வருகின்றன. உள்ளே புதுமை இருக்கலாம். வெளியே எளிமை இருக்கலாம். இரண்டும் ஒருங்கே வாழத் தடை இல்லை.

எளிய கைப்பேசி எல்லாத் தீங்கையும் தடுக்கும் என்று கூறுதலும் பொருந்தாது. "வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்று சொல்லிக் கடவுச்சொல்லைக் கேட்கும் வஞ்சகர் பொத்தான் கைப்பேசியையும் அழைக்கின்றனர். விழிப்பு இல்லாதவர்க்கு எக்கருவியும் காவல் ஆகாது. அவ்வாறே, எல்லாரும் எளிய கைப்பேசியையே கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவதும் முறையன்று. பார்வையற்ற மாணவிக்குத் திறன்பேசி கண். செவிப்புலனற்ற தொழிலாளிக்கு அது நா. வீடுதோறும் உணவு கொண்டு செல்லும் இளைஞர்க்கு அதுவே பிழைப்பு. அவரவர் தேவையை அவரவரே அறிவர். வேண்டுவது விருப்ப உரிமை.

அவ்வுரிமைக்கே இன்று இடையூறு நேர்கிறது. இதுவே இப்பொருளில் மிகவும் கவலைக்குரிய பகுதி. விண்ணப்பம் இணையத்தில், முன்பதிவு செயலியில், கட்டணம் திரையில் காட்டும் குறியீட்டில். வரிசையில் நின்று கையெழுத்திட்டுக் காரியம் முடித்து வந்த முதியவர், "செயலியில் பதிவு செய்து வாருங்கள், ஐயா" என்னும் விடையைக் கேட்டுத் திகைக்கிறார். பேரன் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நேற்றுவரை தம் காரியத்தைத் தாமே செய்தவர், இன்று பிறர் கையை எதிர்பார்க்கிறார். விரும்பிக் கொள்ள வேண்டிய கருவி, நுழைவுச்சீட்டுப்போல் ஆகிவிட்டால் விருப்பத்திற்கு அங்கு இடம் ஏது? எளிய கைப்பேசியை விரும்பி வைத்திருப்பவரும், வேறு வாங்க இயலாமல் வைத்திருப்பவரும் ஒரே கதவின் வெளியே நிற்கின்றனர்.

அலைக்கற்றையின் வழியாகவும் இடர் வருவதுண்டு. ஜப்பான் நாட்டில் 2012ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டிலும் இரண்டாம் தலைமுறை அலைவரிசை நிறுத்தப்பட்டது. அதனை மட்டுமே நம்பிய கைப்பேசிகள் பழுதின்றி இருந்தும் ஊமையாயின. பழையதை நிறுத்துதல் சில வேளைகளில் தவிர்க்க முடியாததாகலாம். ஆனால், நிறுத்துவதற்கு முன் மாற்று எளிய கருவி மக்கள் கைக்கு எட்டும் விலையில் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது கடமையாகும்.

வழி இல்லாமற் போகவில்லை. மனம் இருப்பின் கதவைத் திறந்து வைக்க இயலும் என்பதற்கு இந்திய நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, திறன்பேசி இல்லாத பிள்ளைகளும் பயிலும்படித் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி வழியே பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் இந்திய ரிசர்வ் வங்கி, பொத்தான் கைப்பேசியைக் கொண்டே பணம் செலுத்தும் '123பே' என்னும் முறையைத் தொடங்கி வைத்தது. எண்ணை அழைத்துக் குரல் சொல்லும் வழியே பொத்தானை அழுத்தினால் பணம் உரியவரைச் சென்று சேரும். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதியைப் பிறப்பித்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான கட்டணத் திட்டத்தை நிறுவனங்கள் தனியே வழங்க வேண்டும் என்பது அவ்விதி. அதற்கு முன், இணையத்தையே தொடாத மூதாட்டியும் இணையத்திற்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்தி வந்தார். உண்ணாத உணவுக்கு விலை கொடுத்தது போன்றது அது. இவ்விதி சிறியதாகத் தோன்றலாம். ஆனால், 'வேண்டாம்' என்று சொல்வோர்க்கும் உரிமை உண்டு என்பதை அஃது ஏற்றுக்கொண்டது.

இயற்கைச் சீற்றத்தின்போது எளிய கைப்பேசியின் பெருமை மேலும் விளங்கும். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையைத் தாக்கியது. மின்கம்பங்கள் ஆயிரம் ஆயிரமாகச் சாய்ந்தன. பல ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. அத்தகைய காலத்தில் ஒரே நாளில் ஆற்றல் தீர்ந்துவிடும் கருவியினும், பல நாள் உயிரோடு இருக்கும் கருவியே துணையாகும். அலைபரப்பும் கோபுரம் நிலைத்து நிற்கும்வரை அதனால் பேசலாம். கோபுரம் சாய்ந்தாலும் அதன் கைவிளக்கு எரியும். ஒரு வீட்டில் திறன்பேசிகள் பல இருப்பினும் எளிய கைப்பேசி ஒன்றும் இருத்தல் நலம்.

மாணவர்க்கு இப்பொருளில் சிறப்பான அக்கறை உண்டு. கற்கும் பருவத்தின் செல்வம் காலமும் கவனமும் ஆகும். ஏனைய செல்வத்தை இழந்தவர் மீண்டும் ஈட்டலாம். இழந்த மாலைப் பொழுதை எவரும் மீண்டும் பெற்றதில்லை. படிக்கும் நேரத்தில் திறன்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு வருபவரும், தேர்வு முடியும்வரை பொத்தான் கைப்பேசி போதும் என்று பெற்றோரிடம் தாமே சொல்பவரும் உளர். அவர்களை நண்பர் நகையாடக்கூடும். அந்நகைப்பு ஒரு வாரம் நிற்கும்; ஆழ்ந்து படித்ததன் பயன் வாழ்நாள் முழுதும் நிற்கும்.

கருவி எளியதா, திறன் மிக்கதா என்பது முடிவான வினாவன்று. யார் தலைவர், யார் ஏவலாள் என்பதே முடிவான வினா. திறன்பேசியை வைத்திருந்தும் அதனை வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது வைக்க வல்லவர், தலைவராகவே இருக்கிறார். அவ்வாறு வைக்க இயலாது என்று உணர்ந்து எளிய கைப்பேசியைத் தேர்ந்தெடுத்தவரும் தலைவரே. முன்னவர் பின்னவரை நகைப்பதற்குக் காரணம் இல்லை. இவ்விருவரும் தத்தம் வழியில் செல்லும்படி அலுவலகங்களும் வங்கிகளும் பள்ளிகளும் இரு கதவுகளையும் திறந்து வைத்தல் வேண்டும். 'போதும்' என்று சொல்லத் தெரிந்தவரைப் பின்தங்கியவர் என்று தள்ளும் நாடு முன்னேறிய நாடு ஆகாது. அவரும் அச்சமின்றி, பிறர் கையை எதிர்பாராமல் தம் காரியத்தைத் தாமே முடித்துக்கொள்ளும் நாடே முன்னேறிய நாடு ஆகும்.